குசினி நிலத்தில் ஓதம்: உடைத்துப் போடுவதா, பூசுவதா, ரைல்ஸ் ஒட்டி மறைப்பதா?

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மணலை நிரப்பி, பொலித்தீன் விரிக்காமல், நேரே கொங்கிறீட் போட்டிருப்பார்கள். மார்கழி மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் குசினி நிலம் கறுக்கும். காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்த நில ஈரத்தைத்தான் ஓதம் என்கிறோம்.

காசைச் செலவழிக்க முன்னர் ஒரு சோதனை. மூன்றடிச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் விரித்து, நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். மேற்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம், காற்றோட்டம் போதும். அடிப்பக்கம் நனைந்தால் நீர் கீழிருந்து வருகிறது. அப்போதும் சிங்க் பைப் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சோதனையை மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டும். ஆவணியில் எல்லா நிலமும் நல்ல நிலம்தான்.

ஓதத்தின் மேல் நேரே ரைல்ஸ் ஒட்டுவது வீண்செலவு. நீர் இடுக்குகளால் வெளிவந்து உப்புப் பூக்கும், மூலைகள் கழன்று பொள்ளல் சத்தம் கேட்கும்.

எபொக்சிப் பூச்சு (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பிசின்) நல்ல தடுப்பு. ஆனால் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள தளத்தில் கொப்பளித்து உரியும். மெஷினால் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகே பூசலாம். பழைய குசினிக்கு இதை நாங்கள் சொல்வதில்லை.

தூளும் பால்போன்ற பொலிமர் திரவமும் கலக்கும் சீமெந்துப் பூச்சு ஈரத் தளத்திலும் பிடிக்கும். நிலம் கெட்டியாக, வெடிப்புக் குறைவாக இருந்தால் இதுவே போதும். வெடிப்புகளை வெட்டி அடைத்து, வயர் பிரஷ்சால் தேய்த்துக் கழுவி, தேங்கிய நீரை ஒற்றியெடுத்து, முதற்பூச்சுக்குக் குறுக்காக இரண்டாம் பூச்சு அடிக்க வேண்டும். சுவரிலும் ஆறு அங்குலம் ஏற்றுங்கள். தளம் அசைந்தால் பூச்சும் வெடிக்கும்.

நிலம் தட்டும்போது பொள்ளலாகக் கேட்டாலோ தாழ்ந்திருந்தாலோ உடைத்துப் போடுவதே சரி. மண்ணை இடித்து இறுக்கி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, 1000 கேஜ் (கால் மில்லிமீற்றர் தடிப்பு) பொலித்தீன் விரியுங்கள். ஒட்டுகளில் ஒரு விரிப்பின்மேல் மற்றது ஓரடி ஏறட்டும். ரேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரோடு மடித்து மேலே விடுங்கள். மேசன் ஆணிச் சப்பாத்தோடு ஏறி ஓட்டை போட்டால் எல்லாம் பாழ். அதன்மேல் 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் நாலு அங்குலக் கொங்கிறீட். பத்துக்குப் பத்தடிக் குசினிக்கு 50 கிலோ சீமெந்து ஆறு பக்கற், மணல் 15 கனஅடி, சல்லி 30 கனஅடி அளவில் பிடிக்கும். கடற்கரை மணல் வேண்டாம்: அதிலுள்ள உப்பே காற்றின் ஈரத்தை இழுக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களில் மேல் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஏழு நாள் நனைத்த சாக்குப் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. நிலத்தை அடைத்தால் நீர் சுவரில் ஏறக்கூடும். ஒரு மாரி கழியும்வரை சுவரின் அடிப்பகுதிக்கு ரைல்ஸோ எனாமல் பெயின்றோ போடாமல் திறந்து விட்டுப் பாருங்கள்.