பழைய ஷெஃபீல்டு உளிகள்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பழைய இரும்புக் கடையில் கிடக்கும் உளி வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது அதன் தட்டைப் பக்கத்தில், வாயை (வெட்டும் விளிம்பை) ஒட்டிய ஒரு இன்ச்சில் தெரிந்துவிடும். மேலே எவ்வளவு துரு ஏறியிருந்தாலும் பரவாயில்லை, பிடி பிளந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு இன்ச்சைத் துரு குழி குழியாகத் தின்றிருந்தால், சும்மா கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை. கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. ஒரு தளம் குழியாக இருந்தால் எவ்வளவு நல்ல கல்லில் தீட்டினாலும் வாயில் பொக்கை விழத்தான் செய்யும்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தவை. நாலு நூல், ஆறு நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்), ஒரு இன்ச் உளிகள் மார்பிள்ஸ் (Marples) கம்பெனி முத்திரை போட்டவை. முத்திரை தேய்ந்துபோன இரண்டு நூல் உளி ஒன்றும் உண்டு. தேக்கு, வாகை வேலைக்கெல்லாம் சில வருடங்களாக இவைதான். ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது மூசையில், அதாவது உலையில் வைக்கும் மண் கலத்தில், உருக்கிய எஃகு. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி 1740களில் ஷெஃபீல்டு பக்கம் கொண்டுவந்த முறை.

இந்த வகைப் பழைய உளிகள் பலவற்றில் முழுக்க எஃகு இருக்காது. தட்டைப் பக்கத்தில் மெல்லிய எஃகுத் தகடு, அதன் மேல் மெத்தென்ற இரும்பு, இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியிருப்பார்கள். சரிவை (தட்டைப் பக்கத்துக்கு எதிரே, வாய் நோக்கிச் சாய்வாக இறங்கும் முகத்தை) நன்றாகத் தீட்டிய பிறகு விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: மேல்பகுதி மங்கிய சாம்பல் நிறம், வாயோரம் பளபளப்பு, நடுவே மெல்லிய கோடு. சரிவின் பெரும்பகுதி இரும்பு என்பதால் சீக்கிரம் தேயும், தீட்டுவது சுலபம். ஆனால் தட்டைப் பக்கத்தை இஷ்டத்துக்குத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது, தேய்வது அந்த மெல்லிய எஃகுதான்.

துருவுக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பிடியைக் கழற்றிவிட்டு ஒரு இரவு வினிகரில் ஊறவைத்து, காலையில் இரும்பு நாரால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போட்டால் போதும். அதற்கு மேல் ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். கண்ணைப் பறிக்கிற மாதிரி பாலிஷ் போட்டு விற்கும் பழைய உளிகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பஃப் சக்கரத்தில் பிடித்தவற்றில் வாயோரம் உருண்டிருக்கும். அதைத் தட்டையாக்குவதைவிடத் துருப்பிடித்த உளியைச் சரி செய்வது மேல்.

நேரம் முழுக்கப் போவது தட்டைப் பக்கத்துக்குத்தான். தடித்த கண்ணாடியில் 120 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, வாயோரத்தை மட்டும் அழுத்தித் தேய்க்கிறேன். அப்புறம் 220, 400, 800, 2000. டியூப் லைட்டின் பிம்பம் வாய் விளிம்பு வரை வளையாமல் நேராகத் தெரிந்தால் முடிந்தது. ஒரு உளிக்கு ஒரே தடவை செய்கிற வேலை இது.

சரிவுக்கு மின்சாரச் சாணை பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் (எஃகின் கடினம்) போயிற்று, அவ்வளவையும் தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். கோணமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி, இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் 25. நான் 25-இல் சாணை பிடித்து, வாயை மட்டும் கல்லில் 30-க்குத் தீட்டுகிறேன். தட்டைப் பக்கம் விரலை வாய் நோக்கி இழுத்தால் பிசிர் (தீட்டும்போது விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு) தட்ட வேண்டும், அகலம் முழுக்கத் தட்ட வேண்டும். ஒரு மூலையில் தட்டாவிட்டால் அங்கே இன்னும் கூர் வரவில்லை. பிசிரை எடுத்துவிட்டுத் தோல்பட்டையில் நாலு இழுப்பு.

சரி, உழைப்பு எப்படி? தேக்கில் மணல்சத்து இருப்பதால் எந்த உளியும் சீக்கிரம் மழுங்கும், இவையும் விதிவிலக்கில்லை. பழைய எஃகுக்கு ஏதோ மந்திரசக்தி இருப்பதாகப் பேசுவது மிகை. புதிதாக வாங்கிய குரோம் வனேடியம் உளியும் கிட்டத்தட்ட அதே நேரம் கூர் தாங்குகிறது. வித்தியாசம் தீட்டும்போதுதான்: பழையது கல்லில் சட்டென்று ஏறும், கூரும் நுண்மையாக வரும். கையில் எடை குறைவு என்பதால் செதுக்கு வேலைக்கு இதைத்தான் எடுப்பேன். துளை வெட்டி நெம்பும் வேலைக்கு எடுக்கவே மாட்டேன், அதற்குக் கனத்த உளி வேறு.

தொல்லை என்றால் மழைக்காலம்தான். ஐப்பசி கார்த்திகையில் விரல் பட்ட இடம் மறுநாளே பழுப்பேறிவிடும். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் தேவலை. பிடிகளைக் காய்ந்த கருவேலத்தில் கடைந்து, பித்தளைக் குழாயை வெட்டிப் பூண் போட்டேன். கொட்டாப்புளியால் அடித்தும் இன்றுவரை பிளக்கவில்லை. மரம் பச்சையாக இருந்தால் மட்டும் கோடையில் சுருங்கிப் பூண் கழன்றுவிடும்.

முதல் தடவை செய்பவர்கள் நாலு நூலில் தொடங்கலாம். ஒரு இன்ச் உளிக்குத் தேய்க்க வேண்டிய பரப்பு அதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு நூலோ கல்லில் நிற்காமல் ஆடும், வாய் கோணிக்கொள்ளும்.