மார்கழியில் தினமும் ஒரு சிக்குக் கோலம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவந்தவை

டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரையான நாட்கள் பல வீடுகளில் மூச்சு முட்டும் நாட்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, அலுவலகத்தில் ஆண்டுக் கடைசி வேலை, வெள்ளையடிப்பு, போகிக்கு ஒழித்துப் போடுவது, சீர், பயணம், அதற்கான பணக் கணக்கு. இதற்கு நடுவில் மனசை ஓரிடத்தில் நிறுத்த ஏதாவது ஒரு தினப் பழக்கம் வேண்டுமென்றால், வாசலில் சின்னதாக ஒரு சிக்குக் கோலம் (புள்ளிகளைச் சுற்றிக் கோடு பின்னிச் செல்லும் கோலம்) நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் "சின்னதாக" என்பதை விட்டுவிட்டால் அதுவும் பண்டிகைச் சுமையில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இது பாதியில் நின்றுபோவது அதனால்தான்.

தொடங்க ஏற்ற அளவு 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி, நேர்ப்புள்ளி, அதாவது புள்ளிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக. புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் இடைவெளி, சுமார் 7 செ.மீ. இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லாம் கோடு வெட்டிச் செல்லும் சாதாரணப் பின்னலில், வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) எதுவோ, அத்தனை தனிக்கோடுகள் வரும். 3க்கு 3 போட்டால் மூன்று தனி வளையங்கள். 3க்கு 4 போட்டால் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, 17 இடங்களில் தன்னையே வெட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கவனம் சிதறாமல் இருக்க அந்த ஒற்றைக் கோடுதான் உதவுகிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பதைத் தவிர வேறு நினைப்புக்கு அங்கே இடமில்லை. கை பழகிய பிறகு 4க்கு 5 போடலாம்: 20 புள்ளி, 31 வெட்டு. அதற்கு மேல் தினப் பழக்கத்துக்குத் தேவையில்லை. (1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் உடன் இருந்தவர்களும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வாசலில் தினமும் நடப்பதில் அவ்வளவு கணக்கு இருக்கிறது.)

கோடு நேராகச் சாய்ந்தே போகும். ஓரத்துக்கு வந்தால் மட்டும்தான் புள்ளியைச் சுற்றித் திரும்பும். தவறு நடப்பது உள்ளே. இரண்டு புள்ளிக்கு நடுவில் வெட்டிச் செல்லாமல் அவசரத்தில் திரும்பிவிட்டால், பாதிக் கோலத்திலேயே கோடு வந்து முட்டிக்கொள்ளக்கூடும். அன்றைக்குத் தலையில் வேறு ஏதோ ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. அழித்துத் திரும்பப் போட வேண்டாம். விட்ட புள்ளிகளைத் தனி வளையமாகச் சுற்றிவிட்டு எழுந்துவிடலாம்.

தரை விஷயத்தில் பொறுமை வேண்டும். பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடமாவது விட வேண்டும். தரை ஈரமாகத் தெரியலாம், மினுக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும்போதே போட்டால் மாவு ஊறிக் கோடு தடித்துக் கரையும். முழுக்கக் காய்ந்துவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். அந்த ஐந்து நிமிடம் கைப்பேசியை எடுக்காமல் நின்றாலே பாதிப் பயிற்சி முடிந்தது.

கல்மாவு சீராக விழும், வெள்ளையாகத் தெரியும், ஆனால் தூசு. மூடிய அறையில் சலிக்கக் கூடாது, வாய்க்கு நேரே கையை உதறக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்குச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்த பச்சரிசி மாவே நல்லது. எறும்பு வரும், வரட்டும். மிக நைசாக அரைத்த மாவு இதற்கு உதவாது. விரலில் ஒட்டிக் கட்டி கட்டியாக விழும். அரிசி மாவோடு இரண்டு பங்கு கல்மாவு கலந்தால் இரண்டின் குறையும் குறையும். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி தாராளம். டிசம்பர் மழையில் மாவு ஈரம் வாங்கும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள டப்பா அவசியம்.

பிடி: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு, கை தரையிலிருந்து இரண்டு விரல் உயரம். உயரம் கூடினால் கோடு சிதறும். இடுப்பை வளைத்துக் குனிந்தே போடுவது பழகியவர்களுக்குச் சரி. முதுகு வலி உள்ளவர்கள் மணை போட்டு உட்கார்ந்து போடட்டும், அதில் ஒன்றும் குறைவில்லை.

அடுக்குமாடியில் வழவழப்பான டைல்ஸ்தான் பெரிய சிக்கல். பொடி வழுக்கும், எதிர்வீட்டுச் செருப்பு மிதிக்கும். இரண்டடிக்கு இரண்டடி கறுப்புப் பெயின்ட் அடித்த பலகையில் போட்டு வாசலோரம் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஊருக்குப் போகும் நாட்களில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

பலன் பற்றி. முதல் வாரம் எரிச்சல்தான் அதிகம்: புள்ளி கோணும், கோடு நடுங்கும். இரண்டாம் வாரத்தில் கைக்கு வழி தெரிந்துவிடும். அப்போதுதான் மூச்சு தானாக நிதானப்படுவது தெரிய வரும். மூன்றாம் வாரம் ஆபத்தான வாரம். கை வந்துவிட்டதால் 15 புள்ளி, கலர்ப்பொடி, தெருவில் யார் கோலம் பெரிசு என்ற ஆசை. மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதிக் கோலப் போட்டி பார்க்க அழகு. ஆனால் போட்டி வேறு, இது வேறு. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் வந்தால் கவனம் கோலத்திலிருந்து லைக் எண்ணிக்கைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நாலரை மணிக்கு எழுந்து காப்பி, டிபன், டிபன் பாக்ஸ் என்று ஓடும் பெண்ணிடம் "கோலம் போடு, மனசு லேசாகும்" என்பது அநியாயம். கோலம் போடும் கால் மணி நேரத்துக்கு வீட்டில் வேறொருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டால்தான் இது பயிற்சி. இல்லாவிட்டால் கூடுதல் வேலை. ஆண்கள் போடலாம், தடை எதுவும் இல்லை. விடியற்காலை முடியாதவர்கள் முந்தைய இரவு பத்து மணிக்குப் போட்டாலும் பலன் அதேதான். தூக்கமே வராத, நெஞ்சு படபடக்கும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் கோலத்தை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தை பிறந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடர நினைப்பவர்கள் பொங்கலன்று பெரிய கோலத்தை வீட்டில் எல்லோருமாகப் போட்டுவிட்டு, மறுநாளே 3க்கு 4க்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.