பாலத்தைப் பார்க்க எது நல்லது: ட்ரோனா, லைடாரா, செயற்கைக்கோளா, சுத்தியலா?

2021 மே 11ஆம் தேதி அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேல் போகும் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் இரும்பு உத்தரம் ஒன்றில் பெரிய விரிசலைக் கண்டார்கள். உடனே அவசர எண்ணான 911க்குப் போன் போட்டு, பாலத்தில் ஒரு வண்டியையும் விடாதீர்கள் என்றார்கள். பாலம் முழுமையாகத் திறக்க ஆகஸ்ட் ஆயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பிறகு தெரியவந்த விஷயம்தான் இன்றும் மனதை உறுத்துகிறது. 2019 மே மாதம் ட்ரோன் எடுத்த வீடியோவிலேயே அந்த விரிசலுக்கான அடையாளம் இருந்திருக்கிறது. படம் பதிவாகிவிட்டது, அதைக் கவனித்து எழுதி வைத்தவர்தான் இல்லை.

பாலம், மதகு, மின்கோபுரம் இவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்கள் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: “சார், ட்ரோன் போதுமா, லைடார் எடுக்கணுமா?” (லைடார் என்பது லேசரால் தூரம் அளக்கும் கருவி.) நான் திருப்பிக் கேட்பது: பாலத்தில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள்? விரிசலையா, பாலம் இறங்குவதையா, கான்கிரீட்டுக்குள்ளே துரு ஏறுவதையா, தண்ணீருக்கு அடியில் மண் போவதையா? இந்த நான்குக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது. விற்க வருபவர்கள் சொல்லும் என்று சொல்வார்கள்.

முதலில் விரிசல். சாதாரண சூழலில் இருக்கும் கான்கிரீட்டுக்கு, நம் நாட்டுக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456, 0.3 மில்லிமீட்டர் அகல விரிசல் வரைதான் அனுமதிக்கிறது. ஈரமும் உப்புக் காற்றும் படும் இடத்தில் அதைவிடக் குறைவு. இதை மனதில் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ட்ரோனில் மாட்டும் 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.0044 மில்லிமீட்டர் அகலம். 35 மில்லிமீட்டர் லென்ஸோடு 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு பிக்சல் தரையில் 12 மில்லிமீட்டருக்கும் மேல். ஊர் வரைபடம் போட அது அருமையான துல்லியம். விரிசல் பார்க்க உதவாது. ஐந்து மீட்டருக்கு நெருங்கினால் 0.6 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால்தான் 0.25 மில்லிமீட்டருக்கு வரும். அதனால் “ட்ரோன் சர்வே செய்து தருகிறோம்” என்று யாராவது சொன்னால், எத்தனை மீட்டர் தூரத்தில் பறப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டு மீட்டரில் பறப்பது விளையாட்டில்லை. ஆற்றின் மேல் காற்று சுழலும். பாலத்தின் தளத்துக்கு அடியில் போனால் ஜிபிஎஸ் சிக்னல் போய்விடும். அங்கே ட்ரோன் தன் கேமராக் கண்களை வைத்தே நிலைகொள்ள வேண்டும்.

அதே விரிசலுக்கு லைடார் எப்படி? லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பதுதான் லைடார். ட்ரோனில் வைத்த லைடார் தரும் புள்ளிகளுக்கு இடையிலேயே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். விரிசல் அதற்குள் மறைந்துபோகும். விலையோ கேமராவைப் போல் பல மடங்கு. விரிசலுக்காக லைடார் வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம்.

ஆனால் லைடாரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கரையோரம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதற்குக் கீழே கரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால், கேமராவுக்கு மரத்தின் தலை மட்டும்தான் தெரியும். லேசர் இலை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டுவிட்டு வரும். மின்கம்பி அடுத்த உதாரணம். படங்களை ஒட்டி முப்பரிமாணம் உருவாக்கும் முறை மெல்லிய கம்பியில் தடுமாறும். லைடாரில் கம்பி தனிக்கோடாக வந்து நிற்கும். மரக்கிளைக்கும் கம்பிக்கும் எத்தனை மீட்டர் என்று அப்படியே அளந்துகொள்ளலாம். மின்பாதைப் பராமரிப்புக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு லைடாரைத்தான் சொல்வேன். பாலத்துக்குச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தில்தான் நான் சூடுபட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மதகையும் அதன் கரையையும் ட்ரோனில் எடுத்தோம். அடுத்த வருடம் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் கரை முழுக்க ஒரு ஜாண் இறங்கியது போலக் காட்டியது. பதறிப்போய், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு ஓடினோம். கரை இருந்த இடத்தில்தான் இருந்தது. முதல் வருடம் தரையில் கன்ட்ரோல் பாயிண்ட், அதாவது இடத்தைத் துல்லியமாக அளந்து குறித்த அடையாளப் புள்ளி, வைக்காமல் பறந்திருக்கிறோம். தப்பு எங்கள் வரைபடத்தில். இந்தியத் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோண அளவைக்காக 1802ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில், எல்லா முக்கோணத்துக்கும் அடித்தளமான முதல் கோட்டை அளந்தபோது, அந்த ஒரு கோட்டுக்காகத்தான் அவ்வளவு மெனக்கெட்டார். அது தவறினால் மேலே கட்டும் எல்லா முக்கோணமும் தவறும். கருவி மாறினாலும் அந்த நியாயம் மாறவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் அசையாத நான்கைந்து புள்ளிகளைக் கான்கிரீட்டில் நட்டு, சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமான டிஜிபிஎஸ்ஸில் அளந்து வைக்காமல் எந்த ட்ரோனையும் பறக்கவிடாதீர்கள்.

சரி, பாலம் மெல்ல இறங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் செயற்கைக்கோள் ரேடார் வருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014லிருந்து படம் எடுக்கிறது. ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். மேகம், மழை, இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் அது வேலை செய்யும். அது அனுப்பும் ரேடியோ அலை தரையில் பட்டுத் திரும்பும்போது, அலையின் ஏற்ற இறக்கம் முன்பைவிட எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதை (கட்ட வேறுபாடு) வருடக்கணக்கில் கோத்துப் பார்த்தால், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் அசைவையும் பிடிக்கலாம். தரவு இலவசம். 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார் செயற்கைக்கோள் இன்னும் நீளமான அலைகளில் பார்க்கிறது. செடிகொடி நிறைந்த நம் மண்ணுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

இலவசம் என்பதால் மயங்கிவிட வேண்டாம். சென்டினலின் ஒரு படத்துண்டு ஏறக்குறைய 5 மீட்டருக்கு 20 மீட்டர். அதற்குள் தூணும் வரும், கைப்பிடிச் சுவரும் வரும், அப்போது நின்றிருந்த லாரியும் வரும். வெயில் இன்னொரு பக்கம் ஏமாற்றும். 100 மீட்டர் இரும்பு உத்தரம் 20 டிகிரி சூடு ஏறினால் 24 மில்லிமீட்டர் நீளும். அசைவு ஆபத்தால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். விழுவதற்கு முன்பே பாலத்தில் அசைவு கூடியதை ரேடார் தரவு காட்டுகிறது என்று 2019ல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த வருடமே வேறொரு குழு, அதே வகைத் தரவில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று மறுத்தது. வல்லுநர்களுக்குள்ளேயே இப்படி என்றால், செயற்கைக்கோளை மட்டும் நம்பி ஒரு பாலத்துக்குச் சான்றிதழ் தர நான் துணிய மாட்டேன். ஒரு மாவட்டத்தின் முந்நூறு பாலங்களில் முதலில் எங்கே போய்ப் பார்ப்பது என்று வரிசை போட அது நன்றாக உதவும்.

அந்த ஜெனோவா பாலத்தின் தாங்கு கம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உள்ளே கம்பி துருப்பிடித்து இளைப்பது வெளியே தெரியவே தெரியாது. எவ்வளவு நெருங்கிப் பறந்தாலும் கேமராவுக்கும் தெரியாது, லேசருக்கும் தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. இங்கே மனிதக் கை திரும்ப வருகிறது. சந்தையில் மண்பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பது போல, ஆய்வாளர் சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே துரு ஊதி உறை பிரிந்த இடம் டொக்கென்று கேட்கும். கான்கிரீட்டுக்குள் ரேடியோ அலையை அனுப்பிப் பார்க்கும் தரையூடுருவி ரேடாரும், ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் மீயொலிச் சோதனையும் இதே வேலையை இன்னும் ஆழமாகச் செய்யும். மெதுவான வேலைதான். இதை விட்டுவிட்டு வெறும் படங்களை வைத்து எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நான்காவது கேள்விக்கு வானத்திலிருந்து பதிலே கிடையாது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, திருச்சியில் 1928ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதில் வாகனங்களை ஏற்கனவே நிறுத்தியிருந்ததால் உயிர்கள் தப்பின. சில நாளில், 22ஆம் தேதி, முக்கொம்பில் 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றுப் பாலத்துக்குப் பெரிய எதிரி தூணடியில் மண் அரிப்பு. வழக்கமான லைடாரின் அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சை லேசர் தெளிந்த தண்ணீரில் இறங்கும். வெள்ளத்தின் செந்நிறக் கலங்கலில் அதுவும் நின்றுவிடும். படகில் கட்டிய, ஒலியால் ஆழம் அளக்கும் சோனாரும், முங்கிப் பார்க்கும் ஆளும்தான் வழி. நம் ஆறுகளில் இன்னொரு வசதி உண்டு. கோடையில் மணல் தெரியும்போது தூணடியின் மட்டத்தை லெவலிங் கருவியாலேயே எடுத்துவிடலாம். செலவும் குறைவு, துல்லியமும் அதிகம். வெள்ளத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இதைச் செய்யாமல் லைடாருக்கு டெண்டர் விடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அனுமதிகள் முன்பு போல் கடினமில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி, அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் குறித்த மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டிய இடமென்றால் முதலில் மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருப்பது நடுத்தர அளவுப் பணமும் ஒரு ஆற்றுப் பாலமும் என்றால் நான் போகும் வரிசை இது. கோடையில் தூணடி மட்டம். அதே வாரத்தில் கன்ட்ரோல் பாயிண்ட் நட்டு, இரண்டு மீட்டர் தூரத்தில் ட்ரோன் படம். படத்தில் சந்தேகம் வந்த இடங்களில் ஏணியோ சாரமோ போட்டுச் சுத்தியல். ரேடார் தரவைத் தலைமை அலுவலகத்தில் ஒருவர் எல்லாப் பாலங்களுக்கும் சேர்த்துப் பார்க்கட்டும். லைடாரைக் கரையில் காடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அப்புறம், ட்ரோன் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு பெயின்ட் டப்பாவோடு இறங்கி, ஒவ்வொரு தூணிலும் உத்தரத்திலும் பெரிய எழுத்தில் எண் போடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு எண் தெரிய வேண்டும். மாலையில் அந்த எண் வரிசைப்படி ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, “தூண் 7, மேற்குப் பக்கம், பார்த்தேன், விரிசல் இல்லை” என்று தேதி போட்டு எழுதி வைக்கட்டும்.