டர்போ ஏற்றிய பழைய மியாட்டா: வாங்கும் முன் படியுங்கள்

கலிபோர்னியாவில் தனியாரிடமிருந்து தனியாருக்குக் கைமாறிய ஒரு 1990 மாஸ்டா மியாட்டா, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1.6 லிட்டர் இன்ஜின், எந்தக் காலத்திலோ யாரோ ஏற்றிய டர்போ கிட் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி). விளம்பரத்தில் போட்டிருந்தது: "சக்கரத்தில் 200 குதிரைத்திறன், டைனோ சீட்டு உண்டு, எந்த வேலையும் பாக்கி இல்லை." (டைனோ என்பது சக்கரத்தில் வரும் திறனை அளக்கும் இயந்திரம்.) வாங்கிய மூன்று வாரத்தில் நான்காம் சிலிண்டரின் பிஸ்டனில், இரண்டு ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பு உடைந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்தபோது கண்ட குறைகளில் பெரும்பாலானவை, பிரிக்காமலேயே இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடியவை.

எல்லோரும் டர்போவைத்தான் பார்க்கிறார்கள். பளபளக்கும் இன்டர்கூலர், நீல நிற சிலிக்கான் ஹோஸ், உஸ்ஸென்று காற்று விடும் வால்வு. இன்ஜினைக் கொல்வது இவை எதுவும் அல்ல. கூடுதலாக உள்ளே போகும் காற்றுக்கு ஈடாக பெட்ரோலை யார் கொடுக்கிறார்கள், ஸ்பார்க்கை யார் தாமதப்படுத்துகிறார்கள்? விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அந்தக் காரில் இரண்டுக்கும் ஆள் இல்லை.

பெட்ரோல் கணக்கைக் காகிதத்திலேயே போடலாம். 1.6 இன்ஜினில் பெட்ரோலைப் பீய்ச்சும் கம்பெனி இன்ஜெக்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 212 சிசி தரும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 பவுண்டு. நான்கு இன்ஜெக்டர், 85 சதவீத நேரம் திறந்திருக்கும் என்றால் மணிக்கு 68 பவுண்டு. டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு குடிக்கும் என்று வைத்தால் கிடைப்பது 113 குதிரைத்திறன் சொச்சம். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் பழைய கிட்டுகளில் உண்டு. ஆனால் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பெட்ரோல் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் ஆகும். அப்போதும் இன்ஜினில் 160, சக்கரத்தில் 140-ஐ ஒட்டி. கம்பெனி இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு சக்கரத்தில் 200 என்றால் இரண்டில் ஒன்று: எண் பொய், அல்லது பெட்ரோல் பற்றாமல் ஓடும் இன்ஜின். இன்ஜெக்டரின் உடம்பில் உள்ள நிறத்தையும் எண்ணையும் படமெடுத்து, என்ன அளவு என்று தேடிப் பாருங்கள். கூடவே முப்பது வருடப் பழைய பெட்ரோல் ரப்பர் ஹோஸையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். இரட்டிப்பு அழுத்தம் அதற்குள்தான் போகிறது, பக்கத்திலேயே பழுக்கக் காயும் டர்போ.

இந்த 1.6-ல் காற்றை அளப்பது ஒரு கதவு. அது முழுதாகத் திறந்துவிட்டால், அதற்குமேல் வரும் காற்று இன்ஜினின் கணினியான இசியு கணக்கில் ஏறாது. நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல் சத்தத்தை, கேட்கும் சென்சாரும் இந்த இன்ஜினில் கிடையாது. ஆகவே இசியுவை மாற்றாத கார் என்றால், பூஸ்டில் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கத் தனிப் பெட்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும். இருந்தால் வயரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடிப்படை டைமிங்கை அளக்க ஐந்து நிமிடம் போதும். பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டென், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு துளைகளையும் ஒரு வயரால் இணைத்து, சூடான இன்ஜினில் டைமிங் லைட் பிடித்தால் பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னதாக ஸ்பார்க் விழுவதைக் காட்ட வேண்டும். டர்போ இல்லாத மியாட்டாவில் சுறுசுறுப்புக்காக 14-க்கு ஏற்றி வைப்பது வழக்கம். பிறகு டர்போ வருகிறது, அந்த 14-ஐ யாரும் இறக்குவதில்லை. இந்தக் காரில் இருந்ததும் 14.

உடைந்தது நான்காம் சிலிண்டர் என்பதும் தற்செயல் அல்ல. இந்த இன்ஜின் குடும்பம் முன்சக்கர இழுவைக் கார்களுக்காக உருவானது. அங்கே குளிர்நீர் பின்பக்கமாக வெளியேறும். மியாட்டாவில் வெளிவாசலை முன்னுக்குக் கொண்டுவந்ததால் கடைசி சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. ஆகவே பிளக்குகளைக் கழற்றும்போது நான்காவதை மற்ற மூன்றோடும் ஒப்பிடுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் மினுங்கும் புள்ளிகள் இருந்தால் அது அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தது. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பிளக்கின் எண்ணையும் பாருங்கள். என்ஜிகே வகையில் கம்பெனி பிளக் 5 அல்லது 6. டர்போவுக்கு அதைவிடக் குளிர்ந்த 7, இடைவெளி 0.7 மி.மீ. சுற்றில் இருக்க வேண்டும். கம்பெனி பிளக்கும் 1.1 மி.மீ. இடைவெளியும் கண்டால், கிட்டைப் பூட்டியவர் அதோடு வேலையை முடித்துக்கொண்டார் என்று பொருள்.

டைனோ சீட்டில் உச்ச எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்று–பெட்ரோல் விகிதக் கோடு அதில் இருக்கிறதா? பூஸ்டில் அது 11.5 அருகே ஓட வேண்டும், 12.5-ஐத் தாண்டி ஏறினால் ஆபத்து. அந்தச் சீட்டில் கோடே இல்லை. எத்தனை பூஸ்ட், எந்த பெட்ரோல் என்பதும் இல்லை. 100 ஆக்டேன் ரேஸ் பெட்ரோலில் எடுத்த எண் கலிபோர்னியா பங்கின் 91-ல் கிடைக்காது.

ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், நான்கு பிளக்கும் கழன்றிருக்கட்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள், பேட்டரி தெம்பாக இருக்கட்டும். நல்ல 1.6 ஏறத்தாழ 190 பிஎஸ்ஐ காட்டும். ஆனால் மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். 20-க்கு மேல் போனால், சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட் செய்யாமல் நகராதீர்கள். 10 சதவீதம் வரை கசிவு சரி, 20-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளை காலை வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் நீலப் புகையை மறைக்க இதைவிட எளிய வழி இல்லை. புகைக்குக் காரணம் டர்போவாகவே இருக்க வேண்டியதும் இல்லை. ஆயில் திரும்பும் குழாய் குறுகலாகவோ நடுவில் தொங்கியோ இருந்தால், அல்லது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தால், ஆயில் டர்போவிலேயே தேங்கி சீலைத் தாண்டும். சம்ப்பைக் கழற்றாமலே துளை போட்டார்களா என்றும் கேளுங்கள். உலோகத் தூள் எங்கே போயிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள புல்லியைக் குனிந்து பாருங்கள். நான்கு பிளவு இருந்தால் 1991 வரை வந்த குட்டை மூக்கு கிராங்க். புல்லியைப் பிடித்திருக்கும் சாவிக்குழி தேய்ந்து புல்லி ஆடும், டைமிங் அலையும். எட்டுப் பிளவு என்றால் அந்தப் பயம் இல்லை. பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் 1994-க்கு முந்தையது என்றால் 6 அங்குல வகை, டர்போவின் இழுப்புக்கு மெலிந்தது.

கடைசியாக ஸ்மாக், அதாவது கலிபோர்னியாவின் புகைச் சோதனை. டர்போ கிட்டுக்குக் கலிபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லையென்றால், கார் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் கண்பார்வைச் சோதனையிலேயே தோற்கும். விற்பவர் இங்கே "ஸ்மாக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், விலையில் 500 டாலர் குறைக்கிறேன்" என்றாராம். கலிபோர்னியாவில் 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைத் தர வேண்டியது விற்பவரின் சட்டப்படியான கடமை. பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.