வாரிசு வரி: விட்டுச்சென்ற சொத்துக்கா, பெற்ற பங்குக்கா?

இந்தியாவில் வாரிசு வரி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் எழுந்தபோதும், அது "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரு முகாம்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எந்த வடிவில் என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. எந்த வீட்டில் பிறந்தோம் என்பதே ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிலையைத் தளர்த்துவதுதான் இந்த வரியின் நோக்கம் என்றால், வரியின் விகிதத்தைவிட அதன் வடிவமே முக்கியமானது. இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மீது விதிப்பது ஒரு வழி. ஒவ்வொருவரும் பெறும் பங்கின் மீது விதிப்பது இன்னொரு வழி. மரணத்தை ஒரு விற்பனையாகப் பாவித்து, சொத்தின் மதிப்பு உயர்வுக்கு மட்டும் வரி கேட்பது மூன்றாவது வழி.

இந்தியாவுக்கு நேரடி அனுபவம் இருப்பது முதல் வழியில்தான். 1953 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த எஸ்டேட் வரி, அதன் உச்சத்தில், 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதியில் 85 விழுக்காட்டைக் கேட்டது. 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை நீக்கியபோது, ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாயே அதிலிருந்து கிடைப்பதாகவும், வசூலிக்கும் செலவு ஒப்பீட்டளவில் அதிகம் என்றும், அதே சொத்துக்குச் செல்வ வரியும் இருப்பதால் மக்கள் இரட்டை நடைமுறைகளில் அலைக்கழிக்கப்படுகிறார்கள் என்றும் காரணம் சொன்னார். 85 விழுக்காடு என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு 20 கோடியை வசூலித்த வரி, விகிதம் குறைவாக இருந்ததால் தோற்கவில்லை. மரணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தானமாகக் கொடுத்துவிட்டால் பொதுவாக அச்சொத்து கணக்கில் வராது. அறக்கட்டளைகளும் கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினைகளும் வேறு வாசல்களைத் திறந்துவைத்திருந்தன. தானத்துக்குத் தனி வரி 1958 முதல் இருந்தாலும், இரண்டும் ஒரே கணக்கில் இணைக்கப்படவில்லை.

பிரிட்டன் இன்றும் இதே வழியில்தான் செல்கிறது. அங்கே 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 விழுக்காடு வரி. இந்த வரம்பு 2009 முதல் அசையவே இல்லை. ஒருவருக்கு நேரடியாகக் கொடுத்துவிட்ட தானத்துக்கு, கொடுத்தவர் அதன்பின் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்தால் வரி கிடையாது. தேவைக்கு மிஞ்சிய பணம் உள்ளவர் அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்கு மாற்றிவிடலாம். ஆனால் சேமிப்பு முழுவதும் குடியிருக்கும் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவர், வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு அதிலேயே வாடகையின்றிக் குடியிருந்தால் சட்டம் அதைத் தானமாக ஏற்பதில்லை. வீட்டுக்கென்று கூடுதல் விலக்கு இருந்தபோதிலும், நடுத்தரக் குடும்பங்கள் இவ்வரியைப் பெரும் செல்வர்களைவிடக் கசப்போடு பார்ப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் எஸ்டேட் வரியின் ஆழமான குறை இந்த ஓட்டைகளில் இல்லை. ஒருவர் 100 கோடி ரூபாயை ஒரே மகனுக்கு விட்டுச்செல்கிறார் என்றும், இன்னொருவர் அதே தொகையைத் தன்னிடம் வேலை பார்த்த ஐம்பது குடும்பங்களுக்குத் தலா 2 கோடியாக எழுதிவைக்கிறார் என்றும் கொள்வோம். இருவரிடமும் எஸ்டேட் வரி ஒரே தொகையைத்தான் கேட்கும். முதலாமவர் சமத்துவமின்மையை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறார், இரண்டாமவர் அதைக் கலைக்கிறார் என்ற வேறுபாடு அந்த வரியின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வாய்ப்பு என்பது வாழப்போகிறவருக்கு உரியது. ஆகவே அளவுகோலும் பெறுபவரிடம் இருக்க வேண்டும்.

அயர்லாந்தின் முறை அப்படி அமைந்தது. அங்கே ஒருவர் பெற்றோரிடமிருந்து 1991 டிசம்பருக்குப் பிறகு பெற்ற தானம், வாரிசுச் சொத்து எல்லாம் வாழ்நாள் கணக்காகச் சேர்க்கப்படுகின்றன. மொத்தம் 4 லட்சம் யூரோவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 33 விழுக்காடு வரி. தந்தை இறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்தாலும், இறந்தபின் கிடைத்தாலும், சிறிய ஆண்டு விலக்கைத் தவிர, கணக்கு ஒன்றுதான் என்பதால் பிரிட்டனின் ஏழாண்டுக் காத்திருப்புக்கு இங்கே பொருளில்லை. பலருக்குப் பகிர்ந்து கொடுப்பவருக்கு வரி இயல்பாகவே குறைகிறது. ஆனால் உறவு முறைக்கேற்ப வரம்பு மாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை: மகனுக்கு 4 லட்சம் யூரோ வரை விலக்கு, இறுதிவரை பராமரித்த உறவல்லாத ஒருவருக்கு 20,000 யூரோ மட்டுமே. பிறப்பின் தற்செயலைக் குறைக்க வேண்டிய வரி, பிறப்புக்கே சலுகை தருகிறது. விவசாயச் சொத்தின் மதிப்பில் 90 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளும் சலுகையும், தகுதியான பெரும் நிலவுடைமைகளை ஏறத்தாழ முழுமையாகக் காத்துவிடுகிறது.

மூன்றாவது வழியைக் கனடா 1972இல் தேர்ந்தெடுத்தது. இறந்தவர் தம் சொத்துகளை இறக்குமுன் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகக் கருதி, மூலதன ஆதாயத்துக்கு வரி கணக்கிடுகிறார்கள். வாழ்க்கைத் துணைக்குச் செல்லும் சொத்துக்கு அது தள்ளிப்போகிறது, குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. வருமான வரியின் ஓட்டையை அடைக்க இது நல்ல வழிதான். அமெரிக்காவில் வாரிசின் அடக்கவிலை, அதாவது ஆதாயத்தைக் கணக்கிட வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளப்படும் தொகை, மரண நாளின் சந்தை விலைக்கு உயர்ந்துவிடுவதால் அந்த ஆதாயத்துக்கான வருமான வரி நிரந்தரமாகவே மறைந்துபோகிறது. இந்தியாவில் இறந்தவரின் அடக்கவிலையே வாரிசுக்கும் தொடர்வதால், விற்கும் நாள் வரை வரி தள்ளிப்போகிறது. ஆனால் வாய்ப்புச் சமத்துவத்தை இது தொடுவதில்லை: 50 கோடி வைப்புத்தொகையைப் பெறும் வாரிசிடம் இம்முறை எதையும் கேட்காது.

இந்தியாவுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் முடிவு. அதற்கான அடித்தளம் நம் சட்டத்திலேயே இருக்கிறது. உறவினரல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால், அது பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்குள் வருகிறது. உறவினர் தருவதற்கும் உயில் வழியாகவோ வாரிசுரிமை வழியாகவோ வருவதற்கும் வரம்பே இல்லாத விலக்கு. பெறுபவரிடம் வரி கேட்கும் கொள்கையை ஏற்ற சட்டம், தலைமுறைச் செல்வம் பாயும் கால்வாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இதை ஒரு வாழ்நாள் கணக்காக மாற்றி, ஒரு வீடும் சில ஏக்கர் நிலமும் நகையும் ஒருபோதும் எட்டாத அளவுக்கு வரம்பை உயர்த்தி, அதற்கு மேல் மிதமான விகிதத்தை வைப்பதே நியாயமானது.

சிக்கல்கள் சிறியவை அல்ல. இந்துச் சட்டத்தின் மிதாட்சர மரபைப் பின்பற்றும் கூட்டுக் குடும்பத்தில் பங்குரிமை பிறப்பிலேயே வந்துவிடுவதால், பூர்வீகச் சொத்தை ஒருவர் எந்த நாளில் "பெற்றார்" என்பதைச் சட்டம் வரையறுத்தாக வேண்டும். பாகப்பிரிவினை நாளை அதற்கு எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. விவசாய நிலத்தின் மீதான வாரிசு வரி அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒன்றிய அரசு தனித்துச் சட்டம் இயற்றினால் பெரும் பணம் நிலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எனவே மாநிலங்கள் இணையாகச் சட்டம் இயற்றவோ, சட்டமன்றத் தீர்மானம் வழியாக அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கவோ வேண்டியிருக்கும். வசூலாகும் தொகை மாநிலங்களுக்கே போய்ச்சேரும் என்றும், வாரிசுச் சொத்து ஏதுமில்லாத இளைஞர்களின் உயர்கல்விக்கும் தொழில் முதலீட்டுக்கும் மட்டுமே செலவாகும் என்றும் சட்டத்திலேயே எழுதினால்தான் மாநிலங்கள் அதற்கு இணங்கும்.