108-ஐக் கூப்பிட்டோம், கார் சாவியைக் கொடுக்கவில்லை

108 ஆம்புலன்ஸ் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த சேவை இது. இத்தனை வருஷம் கழித்து இதற்கு ஒரு விமர்சனம் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். அது இலவசம், ஓரளவு சீக்கிரம் வருகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. "குடிச்சிருந்தேன், ஆனா அவசரம், அதான் வண்டிய எடுத்தேன்" என்று சொல்வதற்கு ஒரு காலத்தில் இருந்த நியாயத்தை இந்தச் சேவை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. அதைப் பலர் இன்னும் உணரவில்லை, எங்கள் வீட்டு ஆண்கள் உட்பட.

நாங்கள் இருப்பது திருமயம் பக்கம் ஒரு உள்கிராமம். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன மாசி மாதம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, ஆண்களில் பெரும்பாலானவர்கள் தோப்புப் பக்கம் போய்விட்டு வந்து படுத்த நேரம். மாமாவுக்கு நெஞ்சு வலி. கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பனியன் முழுக்க வேர்வை. "வாயுவா இருக்கும், சோடா குடுங்க" என்றார் அத்தை. அந்த வேர்வையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த நிமிடமே கொழுந்தனார் கார் சாவியைக் கேட்டார். சாவி என்னிடம் இருந்தது. புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். "அண்ணி, சாவியக் குடுங்க. ராத்திரி ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. கால் மணி நேரத்துல போயிருவேன். நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்." நல்ல பிள்ளை, அப்பா மேல் உயிர். அதனால்தான் கேட்டார். "தம்பி, நீங்க ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு 108-ஐ அழைத்தேன். கார் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரரும் அன்று குடித்திருந்தார். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

போனை எடுத்தவர் மாவட்டம், வட்டம், ஊர், அடையாளம் என்று வரிசையாகக் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கோபம் வந்தது: "உயிர் போயிட்டிருக்கு, இவங்க அட்ரஸ் கேட்டுட்டிருக்காங்க." அழைப்பு போய்ச் சேருவது சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் ஊர் அய்யனார் கோயில் எப்படித் தெரியும்? அந்தக் கேள்விகள்தான் வண்டியைச் சரியான திருப்பத்தில் திருப்புகின்றன. கேள்விகளோடு சேர்த்து அவர் சொன்னதையும் சொல்ல வேண்டும். நடக்க விடாதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியின் பைலட்டே (ஓட்டுநரை அப்படித்தான் சொல்கிறார்கள்) போனில் வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும் என்றார். என் மகன் ஓடினான்.

வண்டி வர அரை மணி நேரம் ஆகவில்லை. எங்களுக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது, பொய் சொல்லவில்லை. வந்ததும் மருத்துவ உதவியாளர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இளம்பெண், என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினார், ரத்த அழுத்தம் பார்த்தார். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, சர்க்கரை உண்டா, ஏற்கெனவே என்ன மாத்திரை, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மாமா "நானே நடந்து வர்றேன்" என்றார். "ஐயா, நீங்க ஒரு அடி கூட வைக்கக் கூடாது" என்று அந்தப் பெண் சொன்ன விதத்தில் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வழியிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தகவல் போய்விட்டது. இறங்கியதும் நேராக இசிஜி, பிறகு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. ஒரு பைசா செலவில்லை. கொழுந்தனார் நன்றியில் பைலட் கையில் பணத்தைத் திணிக்கப் பார்த்தார். அவர் வாங்கவில்லை.

இப்போது அதே அரை மணி நேரத்தைக் காரில் வைத்துப் பாருங்கள். பின் சீட்டில் மாமா. அவர் மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் யாரும் காரில் இல்லை. ஆக்ஸிஜன் இல்லை, மாத்திரை இல்லை. முன்சீட்டில் ஓட்டுபவர் திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்க்கிறார். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று அங்கேயே ஒரு விவாதம். காரில் நோயாளி இடம் மாறுவார், அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் சிகிச்சை நம் வாசலிலேயே தொடங்குகிறது. சட்டம், அபராதம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நோயாளியின் நன்மையை மட்டும் பார்த்தாலும் கார் இரண்டாம் இடம்தான்.

"ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஆண் அதைச் சீக்கிரமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராமைத் தாண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிப்பது 30 மில்லிகிராம். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைத்துக்கொண்டு வரும். மோர் குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் மாறாது. தன் நிதானத்தை அளந்து பார்க்கிற மூளையைத்தான் சாராயம் முதலில் மழுங்கடிக்கிறது. அதனால் "நான் சரியாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் மனதார நம்பிச் சொல்வதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

சட்டம் அவசரத்தை மறந்துவிட்டு எழுதப்பட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2017-இல் வந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வெளிப்படையாக விலக்கு கொடுத்திருக்கின்றன. உயிரைக் காக்கப் போகும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், ஒருவழிப் பாதையில் எதிரே போகலாம், அதுவும் மிகுந்த கவனத்தோடு. அவசரத்தில் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியவர்கள் குடியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சைரன் போட்டுக்கொண்டு போகிற ஓட்டுநருக்கே கிடையாது. நமக்கு எப்படி வரும்? முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு, பெரிய கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தைக் குற்றமாகக் கொள்ளாமல் விட இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 81-ஆம் பிரிவு. ஆனால் அந்த ஆபத்து அவ்வளவு பெரியதா, அவ்வளவு நெருக்கத்தில் வந்துவிட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். கையில் போன், போனில் சிக்னல், அரை மணி நேரத்துக்குள் வரக்கூடிய ஆம்புலன்ஸ். இத்தனையும் இருக்கும்போது வேறு வழியே இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

உண்மையிலேயே வழியில்லாத இடங்கள் உண்டு. ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ சிக்னல் இல்லாத ஒரு குடியிருப்பு, பாம்பு கடித்த குழந்தை, ஊரில் ஒரே ஜீப், அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் சாயங்காலம் குடித்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டு போனால் அவரை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். நிதானமாக இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாக ஓட்டி, ஆம்புலன்ஸ் எதிர்ப்படும் இடத்திலேயே மாற்றிவிட வேண்டும் என்பேன். அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற நியாயத்தை, தார்ச்சாலையும் சிக்னலும் உள்ள ஊரில் உட்கார்ந்திருக்கும் நாம் எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றோடு எனக்கு ஏற்பட்ட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் என்ற சொல்லை வைத்து எவ்வளவு தூரம் போவார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பேர் வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே சாராய வாடை. கேட்டதற்கு, "ராத்திரி டூட்டிம்மா, ஒரு கட்டிங் போட்டாத்தான் கண்ணு முழிக்கும். நேரமாகுது, ஏறுங்க" என்றார். நாங்கள் ஏறவில்லை. வேறு வண்டி வரும்வரை காத்திருந்தோம். அம்மாவைக் காப்பாற்ற வந்தவர் என்பதற்காக அந்த வாடையை மன்னிக்க முடியுமா? முடியாது என்றால், அப்பாவைக் காப்பாற்றக் கிளம்பிய என் கொழுந்தனாருக்கும் அதே அளவுகோல்தான்.

அவர் இன்னும் என்னோடு ஒத்துப்போகவில்லை. "அப்பா போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணி?" என்று கேட்கிறார். போயிருந்தாலும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். மாமா பிழைத்ததால் நான் இதைப் பேசவில்லை. அந்த மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்திலிருந்து சமயபுரத்துக்கு ராத்திரியில் நடந்து போகிறவர்கள் உண்டு. மஞ்சள் சேலையும் தலையில் பையுமாக, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையின் ஓரத்தில். ஈ காக்கா இல்லாத ரோடு என்று அவர் சொன்ன ரோடு அதுதான். மாமாவின் உயிருக்காக அவர்களில் ஒருவரைப் பணயம் வைக்க எங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

சேவையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. எல்லா ஊரிலும் இதே நேரத்தில் வண்டி வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். பக்கத்து வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்தால் தூரத்திலிருந்துதான் வரும். உள்கிராமங்களுக்கு வண்டிகள் இன்னும் வேண்டும், அதைக் கேட்டு மனுக் கொடுக்கிறது நியாயமான கோரிக்கை. தாமதமாகும் போலத் தெரிந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்காதீர்கள். "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023 முதல் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். குடிக்காத ஒருவரின் இரண்டு சக்கர வண்டியில் போய்க்கூட அங்கே உதவி கேட்கலாம்.

இந்த வருஷக் கிடா வெட்டுக்கு என் ஏற்பாடு இதுதான்: பக்கத்து வீட்டு ஓட்டுநருக்கு ஒரு நாள் வாடகை கொடுத்து இரவு முழுக்க இருக்கச் சொல்லியிருக்கிறேன், சாப்பாடு எங்கள் வீட்டில். சுகாதார நிலைய எண்ணும் 108-க்குச் சொல்ல வேண்டிய அடையாளங்களும் சுவரில் ஒட்டியாயிற்று. பஸ் நிறுத்தத்தில் ஊர்ப் பெயர்ப் பலகை அழிந்துபோய்க் கிடக்கிறது. அதற்கு ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம், இன்னும் எழுதித் தரவில்லை.