போர்டு இல்லாத ஷெட்டும் என் ஹெரால்டின் பின் சக்கரங்களும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது, ஒரு மெக்கானிக் ஷெட்டைப் பற்றி. ஸ்விஃப்டை ஓட்டிக்கொண்டு போனால் மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இடம் பெங்களூர் வில்சன் கார்டன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. மேஸ்திரி ஆம்பூர் பக்கம். பையன்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கழலாத நட்டிடம் உருது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அப்பா மெட்ராஸில் வாங்கியது. பின்பக்கம் இடது மூலை இறங்கி நின்றது. கிளட்சை விட்டு நகரும்போது ‘டொக்’ என்று ஒரு அடி, ஸ்பீடு பிரேக்கரில் ‘கட கட’ என்று வேறொரு சத்தம். பின் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் வழுக்கையாகிக்கொண்டிருந்தன. இதற்கு முன்பு போன கராஜில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பின் ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. ‘பழைய வண்டின்னா இப்படித்தான் மேடம்’ என்ற தத்துவத்துக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இந்த மேஸ்திரி எடுத்த எடுப்பில் ஜாக்கியைத் தொடவே இல்லை. “டிக்கியில என்னக்கா இருக்கு? எல்லாத்தையும் எறக்குங்க” என்றார். நாலு டயருக்கும் காற்று சரிபார்த்தார். சமமான தரையில் பையன்களை விட்டு வண்டியை முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்தார்.

இந்த உருட்டலுக்குக் காரணம் இருக்கிறது. அம்பாசடர், பத்மினி எல்லாவற்றிலும் பின் அச்சு ஒரே உருப்படி, இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைகள், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். வண்டி இறங்கினாலும் ஏறினாலும் சக்கரம் நேராகவே நிற்கும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சேசிஸோடு இறுகியிருக்கும். அதன் தலைமேல் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டைக் கட்டு, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு சக்கரம். அச்சு இரண்டு துண்டு, உள்முனையில் மட்டும் யூ ஜாயின்ட், மடங்கிச் சுழலும் மூட்டு. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் கூடவே மாறும். ஜாக்கியில் தூக்கினால் டயரின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். கீழே இறக்கியும் கொஞ்சம் உருட்டாவிட்டால் அந்த மடக்கு போகாது, எடுக்கிற அளவெல்லாம் பொய்யாகிவிடும். 1959-இல் ட்ரையம்ஃப் இங்கிலாந்தில் இறக்கிய அமைப்பு இது, 1961-இலிருந்து மெட்ராஸில் தயாரானது. பின்னால் மெட்ராஸில் இதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் கம்பெனி கெஸல் என்ற பெயரில் இதை மாற்றி விட்டபோது வம்பே வேண்டாம் என்று ஒரே அச்சாகப் போட்டுவிட்டது.

என் வண்டியின் பின் சக்கரங்கள், பாரம் சுமந்த கழுதை காலை அகட்டி நிற்கிற மாதிரி நின்றன. கொத்தனார்கள் வைத்திருக்கிற தூக்குக்குண்டு ஒன்றை மேஸ்திரி மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, டயரின் தலைக்கும் அடிக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் பார்த்தார். இடதில் சாய்வு அதிகம். பட்டைதான் என்று அப்போதும் சொல்லவில்லை. முன் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தாலும் பின்பக்கம் சாயுமாம். முன்பக்கத்தை நடுக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். பின்பக்கச் சாய்வு அப்படியே இருந்தது. “முன்னாடி தப்பு இருந்தா இப்ப பின்னாடி நேராயிருக்கும்க்கா.” ஒவ்வொரு மூலையையும் அமுக்கி விட்டார். வண்டி எழுந்து ஒரே ஆட்டத்தில் நின்றது. ஷாக்கில் குறையில்லை. பழைய ஷாக்கிலும் இருந்திருக்காது என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்து அவர் செய்ததைப் பார்க்கவே நான் பணம் கொடுத்திருப்பேன். பின் சீட்டைக் கழற்றி, அடியிலிருந்த மூடியைத் திறந்தார். டிஃபரன்ஷியல் மேல் பட்டைக் கட்டின் நடுப்பகுதி தெரிந்தது. கம்பி பிரஷால் துருவும் மண்ணும் போகத் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, பட்டைகளின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். பையனை டிக்கி மேல் கைவைத்து வண்டியைக் குலுக்கச் சொன்னார். இடது பக்கம், இரண்டாவது பட்டையில், வெள்ளைக்கு நடுவே முடி கனத்தில் ஈரமாக ஒரு கோடு எழும்பியது. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் குலுக்கலில் வெளியே கசிகிறது.

சத்தங்கள் சுலபமாகவே பிடிபட்டன. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, அச்சுத் துண்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினார். வலது யூ ஜாயின்டில் ஆட்டம், அதுதான் ‘டொக்’. ‘கட கட’ இடது ரேடியஸ் ஆர்மின், அதாவது சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின், முன்பக்க ரப்பர் புஷ்ஷில் இருந்தது. கடப்பாரையால் நெம்பினபோது ரப்பர் வாயைப் பிளந்தது.

இன்னொரு பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிடலாமா என்று கேட்டேன். அம்பாசடருக்கு எல்லோரும் செய்வதுதானே. “இதுக்கு ஆகாதுக்கா. பின்னாடி ஒசந்தா சக்கரம் உள்ள மடங்கும். வளைவுல ஆக்ஸிலரேட்டர விட்டீங்கன்னா பின்பக்கம் தூக்கிக்கிட்டு வெளிய போயிரும்” என்றார். லாரிப் பட்டை அடிக்கிற கடையில் விரிசல் விட்ட பட்டைக்கு மட்டும் பதிலாகப் புதுப் பட்டை செய்வித்து, மொத்தக் கட்டையும் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தார். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் இடைவெளியைச் சரிசெய்ய வைத்திருந்த ஷிம் தகடுகளை எந்தப் பக்கம் எத்தனை என்று சுவரில் எழுதி வைத்து, அப்படியே திருப்பிப் போட்டார். புஷ் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது விரலால்தான் முடுக்கினார். தரையில் இறக்கி, உருட்டி, பின் சீட்டில் இரண்டு பையன்களை உட்காரவைத்த பிறகுதான் ஸ்பானர் ஏறியது. தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியுமாம்.

இப்போது குறைகள். போனை எடுக்க மாட்டார். பார்த்துச் சொல்ல மட்டும் 1,500 ரூபாய், வேலையை அவரிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார். பில் என்பது கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், ஜிஎஸ்டி எல்லாம் கேட்கக்கூடாது. உட்கார ஒரு பெயின்ட் டப்பா. சொன்ன தேதிக்கு வண்டி வராது. என்னுடையது யூ ஜாயின்டுக்காகக் காத்துக் கிடந்தது, ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் முதலில் கிடைத்ததை “ஆட்டம் இருக்கு” என்று அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி மற்ற கராஜை விட அதிகம். மாற்றிய ஷாக்குக்கு நான் அழுததை நினைத்தால் எனக்கு உறுத்தவில்லை.

வண்டி இப்போது மட்டமாக நிற்கிறது. இரண்டு சத்தமும் போயே போச்சு. ஐம்பதுக்கு மேல் போனால் வலது பின் ஹப்பில் மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது, அது பேரிங் என்கிறார். சக்கரம் மாட்டுகிற அந்த ஹப்பைக் கழற்ற நல்ல புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, வேண்டும், சுத்தியல் வைத்து அடிக்க மாட்டாராம். சிவாஜி நகரில் யாரிடமோ புல்லர் இருக்கிறது, இரவல் வாங்கிவந்து சொல்கிறேன் என்றார். போனை அவர் எடுப்பதில்லை என்பதால் நானே போய்த்தான் கேட்க வேண்டும்.